ஞாயிறு சிறுவர் புட்போல் லீக்: பேர் கொடுக்க முதல் என்ன பார்க்கணும்?

டிக்கோயா_அம்மா

வணக்கம். எங்க பக்கத்துத் தோட்டங்களையும் டவுனையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புட்போல் லீக் தொடங்கப் போறாங்களாம். "செலக்ஷன் இல்லை, பேர் கொடுக்கிற எல்லாருக்கும் இடம் உண்டு" என்று போர்ம் கொடுத்திருக்காங்க. மகனுக்கு 7 வயசு, மகளுக்கு 11. ரெண்டு பேரும் ஸ்கூல் டீமில் இல்லை.

இதுக்கும் ஸ்கூல் டீமுக்கும் என்ன வித்தியாசம்? அக்காவும் தம்பியும் ஒரே டீமில் விளையாடலாமா? பூட்ஸ், பந்து எல்லாம் நாங்கதான் வாங்கணுமா? காசை வாங்கிட்டு மகனை ஓரத்திலேயே உட்கார வச்சிடுவாங்களோ என்றும் ஒரு யோசனை. ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு வேற இருக்கு. சில ஞாயிறுகளில் எங்களுக்குக் கைக்காசு வேலை, அதாவது வழமையான சம்பளத்துக்கு வெளியே காசுக்குக் கொழுந்து பறிக்கிறது. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

அட்டவணை

அக்கா, ஸ்கூல் டீமில் முதலில் ஆட்களைப் பொறுக்கி எடுப்பாங்க, மிச்சப் பேர் வீட்டுக்குப் போவாங்க. இந்த மாதிரி லீக்கில் பதிவு முடிஞ்ச பிறகு எத்தனை பிள்ளைகள் இருக்காங்களோ அதுக்கேற்ற மாதிரி டீம்களைக் கூட்டிக் குறைப்பாங்க. கடைசித் திகதி வைக்கிறதே அதுக்குத்தான். பிந்தி வருகிறவங்க காத்திருப்புப் பட்டியலில் இருப்பாங்க, யாராவது விலகினால் உள்ளே வருவாங்க.

பிரிவு வயசுப்படி. சாதாரணமாக ஜனவரி 1 அன்று இருக்கும் வயசை வச்சுப் பார்ப்பாங்க. பிறப்புச் சான்றிதழ் பிரதி கேட்பது இதுக்காக. மகன் 8 வயதுக்குக் கீழ், மகள் 12 வயதுக்குக் கீழ். ஒரே டீம் கிடையாது. நீங்க கேட்க வேண்டியது ஒரே மைதானத்தில் அடுத்தடுத்த நேரம். ரெண்டு பிள்ளைகள் இருக்கிற வீடுகளைப் பதிவிலேயே குறிச்சு வச்சால் அட்டவணை போடும்போது அது சுலபம். அட்டவணை வெளியான பிறகு மாற்றச் சொன்னால் நாலு டீமின் நேரம் கலையும்.

அமெரிக்காவில் யூ.எஸ். சொக்கர் என்கிற தேசிய புட்போல் அமைப்பு வகுத்த முறை பல சிறுவர் லீக்குகளுக்கு அடிப்படை. 8க்குக் கீழ் நாலுக்கு நாலு, கோல் கீப்பர் இல்லை, 10 நிமிடப் பகுதிகள் நாலு. 10க்குக் கீழ் ஏழுக்கு ஏழு, 25 நிமிடம் ரெண்டு பாதி. 12க்குக் கீழ் ஒன்பதுக்கு ஒன்பது, 30 நிமிடம் ரெண்டு பாதி. பதினொரு பேர் ஆட்டம் அதுக்குப் பிறகுதான். சின்னவங்களுக்கு ஏறக்குறைய 30 மீற்றருக்கு 20 மீற்றர் இடம் போதும், அதனால் ஒரு தோட்டத்து மைதானத்திலேயே மூணு நாலு ஆட்டம் ஒரே நேரத்தில் நடத்தலாம். "7 வயசுப் பிள்ளைகளுக்கும் பெரிய கிரவுண்ட், பதினொரு பேர்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்க. 22 பிள்ளைகளில் ரெண்டு மூணு பேர் காலில்தான் பந்து இருக்கும், மற்றவங்க சும்மா நிற்பாங்க.

டீம் பிரிக்கிற விதத்தையும் கேளுங்க. நல்ல வழி, ஒரு நாள் எல்லாரையும் ஆட விட்டு 1 முதல் 5 வரை புள்ளி போட்டு, கோச்மார் மாறி மாறி எடுப்பது. நாலு டீம் என்றால் முதல் சுற்றில் எடுக்கிற டீம் வரிசை 1, 2, 3, 4. அடுத்த சுற்றில் 4, 3, 2, 1. கள்ளம் நடக்கிற இடம் ஒன்றுதான்: கோச்சின் பிள்ளை தானாகவே அவர் டீமுக்கு வரும், பிறகு கெட்டிக்காரப் பிள்ளையின் அப்பாவைத் துணைக் கோச்சாகப் போட்டு அந்தப் பிள்ளையையும் இழுத்துக்குவாங்க. அந்தப் பிள்ளைகளின் புள்ளிக்கேற்ற சுற்றில் அவருக்கு வேற ஆள் எடுக்க வாய்ப்பில்லை என்று விதி இருந்தால் இது நடக்காது.

நோர்வூட்காரி

அட்டவணை அண்ணா சொல்ற மாதிரி எல்லாப் பிள்ளைகளையும் கலந்து டீம் பிரிக்கிறது டவுனுக்குச் சரி. தோட்டங்களில் எல்லாரையும் கலந்தால் பயிற்சிக்கு யாரும் வந்து சேர மாட்டாங்க. மேல் டிவிஷன் பிள்ளை பின்னேரம் 4 மணிக்குக் கீழே இறங்கினால் திரும்ப ஆட்டோவுக்குக் காசு வேணும், மம்மல் இருட்டில் நடந்தும் விட முடியாது.

8க்குக் கீழ் கலக்கவே தேவையில்லை. ஒரே தோட்டத்துப் பிள்ளைகளை அங்கேயே ரெண்டு மூணு டீமாகப் பிரிச்சு அங்கேயே ஆட விடலாம். அந்த வயசில் புள்ளிப் பட்டியல் வைக்கக்கூடாது. ஒரு பக்கம் நாலு கோல் பின்னுக்கு இருந்தால் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையைக் கூட்டி விடுங்க, சமமாகிடும். 12க்குக் கீழ் மட்டும் ஒரே பஸ் பாதையில் இருக்கிற ரெண்டு மூணு தோட்டங்களைச் சேர்த்துக் கலக்கலாம். தோட்டத்துக்கு ஒரு டீம் என்று பெரிய பிள்ளைகளுக்கு வச்சால், மூணாவது வாரமே அது பெரியவங்களின் சொப்ட்போல் கிரிக்கெட் டூர்னமென்ட் மாதிரி ஆகி, வெளியில் இருந்து கத்தல் தொடங்கிடும்.

பதுளை_கோச்

மகன் ஓரத்தில் உட்காருவானா என்பதுக்கு வாரேன். "எல்லாருக்கும் குறைஞ்சது பாதி ஆட்டம்" என்ற விதி எழுத்தில் இருக்கா என்று பாருங்க. வாயால் சொன்னது போட்டி சூடாகும்போது காற்றில் போயிடும். கோச் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால் இது கஷ்டமே இல்லை. மகளின் பிரிவை எடுங்க. ஒன்பது பேர் ஆட்டம், டீமில் 12 பேர், 60 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை மூணு பேரை மாற்றினால் நாலு பகுதியிலும் சேர்த்து 12 பேர் வெளியே இருப்பாங்க. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவைதான் உட்காரும், 45 நிமிடம் ஆடும். அன்றைக்கு 11 பேர்தான் வந்தால் பகுதிக்கு ரெண்டு பேர் வெளியே, மொத்தம் எட்டு. உட்காராமல் தப்பின மூணு பேரின் பெயரை எழுதி வச்சு அடுத்த வாரம் அவங்களை முதலில் உட்கார வைக்கணும். இந்தத் தாள் இல்லாத கோச், மனசில் நல்லது நினைச்சாலும் கடைசியில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தான் உள்ளே வச்சிருப்பார்.

12 பேர்தான் இந்தக் கணக்குக்குச் சரியான எண்ணிக்கை. 16 பேரைப் பதிஞ்சால் ஏழு பேர் எந்நேரமும் வெளியே. மகனின் பிரிவில் 6 பேர் நல்லது. எட்டுப் பேர் வந்துட்டால் ரெண்டு சின்ன ஆடுகளம் போட்டு எதிர் டீமையும் பிரிக்கச் சொல்லுங்க, எல்லாருக்கும் ஆட்டம்.

தலையால் அடிக்கிறது பற்றியும் கேட்டு வையுங்க. யூ.எஸ். சொக்கர் 2015இல் 10 வயசும் அதுக்குக் கீழும் உள்ளவங்களுக்கு அதை முழுசா நிறுத்தினாங்க, 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவு வச்சாங்க. தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தலைச்சுற்று, முழி ஒரு மாதிரி என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிஞ்சது. "இப்ப சரி கோச்" என்று பிள்ளை சொல்லும். கேட்கக்கூடாது, டொக்டரிடம் காட்டணும்.

விசில்காரர்

சாமான் விஷயம். பந்து லீக் தரணும், வீட்டில் பழக ஒன்று வாங்கினால் அளவு பார்த்து வாங்குங்க. மகனுக்கு 3ஆம் நம்பர், மகளுக்கு 4. கடையில் நம்பர் அழிஞ்ச பந்து நிறைய. தையல் நாடாவால் சுற்றி அளந்தால் 3ஆம் நம்பர் 58 முதல் 60 சென்றிமீற்றர், 4ஆம் நம்பர் 63.5 முதல் 66 வரும். தையல் விட்ட மலிவுப் பந்து ஈரப் புல்லில் தண்ணி குடிச்சுக் கனமாகிடும், சின்னக் காலுக்கு அது கல்லு.

சின் காட் (முன்னங்காலுக்குப் போடுற காப்பு) கட்டாயம், சொக்ஸுக்கு உள்ளே போடணும். முழங்காலுக்கு ரெண்டு விரல் கீழே தொடங்கி கணுக்காலின் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே முடியிற அளவு எடுங்க. பூட்ஸ் முதல் வருஷம் கட்டாயமில்லை, சாதாரண கென்வஸ் சப்பாத்தும் போதும், ஆனால் எங்க சரிவு மைதானங்களில் மழைக்குப் பிறகு வழுக்கும். வாங்கினால் றப்பர் குமிழ் வச்சது. "அடுத்த வருஷமும் போடலாம்" என்று ரெண்டு அளவு பெரிசு எடுக்கிறது வழக்கம். உள்ளே கால் ஓடிக் கொப்புளம் வரும், கணுக்கால் திரும்பும். நுனியில் பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். நனைஞ்ச பூட்ஸை அடுப்படியில் வைக்காதீங்க, பசை விட்டு அடி வாயைத் திறக்கும். பேப்பரைக் கசக்கி உள்ளே திணிச்சு, ரெண்டு மூணு தடவை மாற்றினால் மறுநாள் காய்ஞ்சிடும்.

மகளின் தோடு, வளையல், சங்கிலி கழற்றணும். மேலே பிளாஸ்டர் ஒட்டிட்டு ஆட விதி இடம் கொடுக்காது. புதுசா காது குத்தியிருந்தால் புண் ஆறுகிற வரை ஆட்டம் இல்லை. கையில் கட்டின கயிறு, தாயத்து பற்றி முதலே நடுவரிடம் பேசுங்க, கிரவுண்டில் வச்சு அவிழ்க்கச் சொன்னால் பிள்ளை அழும்.

டிக்கோயா_அம்மா

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. மே மாசம் தொடங்கப் போறாங்களாம், ஆட்டமெல்லாம் பின்னேரம். மைதானத்தின் ஒரு பக்கம் பள்ளம், கீழே தேயிலை. இது சரிதானா?

அட்டவணை

மே மாசமா? ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பாதி ஆட்டம் கைவிடப்பட்டு, கட்டின காசுக்குச் சண்டைதான் மிஞ்சும். உங்க பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் பொருத்தம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணக்கு வேற, அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வறட்சி. ஒரே அட்டவணையை ரெண்டு பக்கத்துக்கும் போட முடியாது.

பின்னேரத்தையும் மாற்றச் சொல்லுங்க. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் இடி. அறநெறி வகுப்பு முடிஞ்சு 10.30க்குத் தொடங்கினால் 1 மணிக்குள் ரெண்டு பிரிவும் முடியும். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டம் நிற்கணும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகணும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது, கட்டிடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றின வேனுக்குள்ளோ போகணும். பக்கத்தில் ரெண்டுமே இல்லாத மைதானத்தை அந்த மாசங்களில் எடுக்கவே கூடாது.

விசில்காரர்

பள்ளம் இருந்தால் அந்தப் பக்கம் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் சில மீற்றர் விடணும், விளிம்பில் ஒரு பெரியவர் நிற்கணும், மூணு பந்தாவது கையில் இருக்கணும். பந்து கீழே போனால் அடுத்த பந்தைப் போட்டு ஆட்டத்தை நடத்துங்க. பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடக்கூடாது. செடிக்கு நடுவில் கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) இருக்கிறது தெரியாது, அட்டை ஒரு பக்கம், குளவி இன்னொரு பக்கம்.

குளவியைச் சின்ன விஷயமாக எடுக்காதீங்க. ஆட்டத்துக்கு முதல் நாள் சுற்றியுள்ள மரக்கிளை, பாறை இடுக்கு எல்லாம் பார்க்கணும். கூடு இருந்தால் பந்து எட்டாத தூரமா என்று யோசிக்காமல் மைதானத்தையே மாற்றுங்க. கலைஞ்சால் கையை வீசாமல், முகத்தைப் பொத்திக்கொண்டு தூரமாக ஓடணும். மூச்சு முட்டினால், உதடு முகம் வீங்கினால், ரொம்பக் கொட்டு வாங்கியிருந்தால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்க. அட்டைக்கு சொக்ஸிலும் கணுக்காலிலும் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்ச்சு விட்டால் போதும்.

இரும்புக் கோல் போஸ்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்க. அசைஞ்சால் பின் கம்பியில் மண் மூட்டை வைக்கணும், இல்லாட்டி ஆணி அடிச்சு இறுக்கணும். பிள்ளை மேல் கம்பியில் தொங்கும்போது போஸ்ட் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நடந்த நாடுகள் உண்டு. சின்னவங்களுக்கு ரெண்டு மூங்கில் நட்டால் அதுவே கோல். கோடு போடச் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், ஈரத்தில் தோலை வேக வைக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். தேயிலைக்குப் போடுற டொலமைட் தூள் போதும்.

நோர்வூட்காரி

அக்காவின் கைக்காசு ஞாயிறுக்கு: போர்மில் பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடியவங்க என்று ரெண்டு பெயர் எழுதுங்க, பக்கத்து லயத்து ஆளாக இருந்தால் நல்லது. அந்த ரெண்டு பேரைத் தவிர யாரிடமும் பிள்ளையை விடமாட்டோம் என்று லீக் சொல்லணும். பயிற்சியில் எப்பவும் ரெண்டு பெரியவங்க, ஒரு கோச் தனியாகப் பிள்ளைகளோட இருக்கக்கூடாது. தப்பாக ஏதும் பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. வீசிங், வலிப்பு, இருதய வருத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்க; பம்ப் பாவிக்கிற பிள்ளை என்றால் அது கோச்சின் பையில் இருக்கணும், வீட்டில் இல்லை.

காசு கட்ட முதல் மைதானத்துக்கு அனுமதிக் கடிதம் இருக்கா என்று கேளுங்க. டவுன் மைதானம் என்றால் நகரசபை அல்லது பிரதேச சபை, தோட்டத்து மைதானம் என்றால் துரையின் (தோட்ட மனேஜரின்) கடிதம், திகதிகளோட. திருவிழா, சொப்ட்போல் டூர்னமென்ட் நாட்களை முதலே கழிச்சிடணும். மழையால் ஆட்டம் நடக்காட்டி காசு திரும்புமா, அடுத்த பருவத்துக்குப் போகுமா, ரெண்டாவது பிள்ளைக்குக் குறைப்பு உண்டா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்க. நீங்களும் ஏதோ ஒரு வேலையில் மாட்டுவீங்க, கோடு போடவோ முதலுதவிப் பெட்டி தூக்கவோ. வேலை இல்லாத ஞாயிறுகளை முதலே சொல்லிடுங்க, அந்த நாட்களுக்கு உங்க பெயரைப் போடுவாங்க.