பேரூராட்சியில் புது வேலை: தேர்தல் வந்தால் எங்கள் தலையில் விழுவது என்னென்ன?

முந்திரிக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 எழுதித் தேறி, கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். இப்போதைக்கு என் மேசையில் இருப்பது தபால் பதிவேடும் பிறப்பு இறப்புப் பதிவும். தேர்தலைப் பற்றி எதைக் கேட்டாலும் தலைமை எழுத்தர், "வரட்டும்மா, எல்லாம் தானா தெரிஞ்சிடும்" என்கிறார். வரித்தண்டலர் அண்ணன் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருக்கிறது.

தேர்தல் வேலை என்றால் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து விரலில் மை வைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் செயல் அலுவலர்தான் தேர்தலையே நடத்துவார் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. யாராவது வாக்காளர் அட்டையோடு வந்து பெயரைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போங்கள் என்றால், "வார்டு ஓட்டுன்னா இங்க, திருத்தணும்னா அங்கயா?" என்று கோபப்படுகிறார்கள். நான் சொல்வது சரிதானா? பட்டியல் உண்மையில் யாருடையது? அப்புறம், கவுன்சிலர்கள் இல்லாத காலத்தில்தான் ஆபீஸில் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று என்னோடு தேர்வான தோழி ஒருத்தி சொல்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. உங்கள் தோழி சொல்வது தப்பு.

நான் இந்த மாவட்டத்துப் பேரூராட்சிகளில் பில் கலெக்டராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். கவுன்சிலர் இருந்த ஆபீஸையும் பார்த்திருக்கிறேன், இல்லாத ஆபீஸையும் பார்த்திருக்கிறேன். 2016 அக்டோபர் 17, 19 என்று உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதி குறித்து, வேட்புமனு வாங்குவதும் முடிந்த மறுநாள், அக்டோபர் 4 அன்று, உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. டெபாசிட் கட்டியவர்கள் ரசீதோடு எங்கள் வாசலில் நின்றார்கள். அதன் பிறகு 2022 மார்ச் வரை மன்றமே கிடையாது. செயல் அலுவலர்தான் தனி அலுவலர். குறிப்பு எழுதி வைப்பவரும் அவர், அதை அனுமதிப்பவரும் அவர். தீர்மானப் புத்தகம் சுத்தமாக இருந்தது, சத்தம் இல்லை, சண்டை இல்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் கலங்கல் வருகிறது என்று அத்தனையும் நேராக எழுத்தர் ஜன்னலுக்கு வந்தது. "செய்யறோம்" என்பதைத் தவிர நம் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை அடித்தது. அந்த அக்டோபரில் ஜெயித்து வந்த உறுப்பினர்கள் பதவியேற்றுச் சரியாக உட்காரக்கூட இல்லை. ஆனாலும் எந்தத் தெருவில் எந்த மரம் விழுந்தது, எந்த வீட்டில் கூரை போனது, யாருக்குக் கைக்குழந்தை என்று வார்டு வாரியாக அவர்கள் வாயிலிருந்தே வந்தது. பாதிப் பேர் கத்தினார்கள், சிலர் சொந்தக்காரர் பெயரை முதலில் எழுதச் சொன்னார்கள். அதெல்லாம் உண்டு. 2020 நவம்பரில் நிவர் வந்தபோது கவுன்சிலர் யாரும் இல்லை. அதே கணக்கை எடுக்க நாங்கள் நாலைந்து பேர் மழையில் தெருத் தெருவாக அலைந்தோம். கவுன்சிலர் என்பவர் தொந்தரவுதான், சந்தேகமே இல்லை. அந்தத் தொந்தரவு மட்டும் வார்டுக்கு ஒன்றாகப் பிரிந்து, முகம் தெரிந்த ஆள் வழியாக வரும். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

இனி பட்டியல். நீங்கள் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புவது சரி. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், ஆனால் அது தனியாக வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வாங்கி, அதிலுள்ள பெயர்களை வார்டு வார்டாகப் பிரிப்பதுதான் நம் வேலை. புதிதாகச் சேர்க்க 6, நீக்க 7, திருத்தவோ வீடு மாற்றவோ 8 என்று படிவங்கள். கொடுக்க வேண்டியது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், இல்லையென்றால் தாலுகாவில். 1950 என்று ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. ஒரு அட்டையில் இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். திட்டு பாதியாகக் குறையும். மீதிப் பாதி குறையாது.

ஆனால் ஒருவர் வந்து, "என் பேர் இருக்கு, பக்கத்து வார்டுல போட்டிருக்கீங்க" என்றால் அவரைத் தாலுகாவுக்குத் துரத்தாதீர்கள். அது நாம் பிரித்த பிரிவு. நம் ஆபீஸ்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிக்கிற வேலையைத்தான் உங்கள் வரித்தண்டலர் நினைத்துச் சிரித்திருப்பார். சட்டமன்றப் பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். ஒரு பாகத்துத் தெருக்கள் நம் 2 வார்டுகளில் விழும். சில இடத்தில் தெருவின் வடசிறகு, அதாவது வடக்கு வரிசை வீடுகள், ஒரு வார்டு, தென்சிறகு இன்னொரு வார்டு. பட்டியலை விரித்துவைத்து ஒவ்வொரு தெருவுக்கும் வார்டு எண் குறிக்க வேண்டும். ஒரு வரி தவறினால் அப்பா ஒரு பள்ளிக்கூடத்திலும் மகன் வேறு பள்ளிக்கூடத்திலும் வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கு 6 ஓட்டு என்று கணக்குப் போட்டுவைத்திருக்கும் வேட்பாளர் நேரே உங்களிடம் வருவார். 10 ஓட்டில் ஜெயிக்கிற வார்டுகள் உண்டு அம்மா. சமமாக வந்துவிட்டால் குலுக்கல்தான். அதனால் ஒரு குடும்பம் இடம் மாறினாலும் அது சின்ன விஷயம் இல்லை.

வேட்புமனுவுக்கு வருகிறேன். 2022-இல் எப்படி நடந்தது என்று சொன்னால் வேகம் புரியும். ஜனவரி 26 சாயங்காலம் அறிவிப்பு. 28-இலிருந்து மனு. பிப்ரவரி 4 கடைசி நாள், 5 பரிசீலனை, 7-ஆம் தேதி பிற்பகல் 3 மணி வரை வாபஸ், 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. அறிவிப்பு வந்த நிமிடத்திலிருந்து நடத்தை விதி. கல்வெட்டில் இருக்கும் பெயர்களை மறைக்க வேண்டும், தலைவர் அறையைப் பூட்ட வேண்டும், சுவர் விளம்பரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கொடிக்கம்பத்தைப் பார்க்க வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் குப்பை அள்ளுவதை விட்டுவிட்டு போஸ்டர் கிழித்துக்கொண்டிருப்பார்கள். தெருவில் குப்பை சேர்ந்தால் அதற்கும் திட்டு நமக்குத்தான்.

அந்த ஒரு வாரம் வரி வசூல் களைகட்டும். பேரூராட்சிக்கு வரி பாக்கி வைத்திருப்பவர் நிற்பது சிக்கல் என்பதால் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் பழைய பாக்கியோடு வந்து கட்டுவார்கள். வருஷக்கணக்கில் நாங்கள் நடையாக நடந்து கேட்டும் பெயராத பாக்கி, மனு தாக்கலுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்குக் கவுண்டருக்கு வந்துவிடும். அப்போது ரசீது போடுகிற ஆள் நிதானமாக இருக்க வேண்டும். நிலுவை இல்லை என்று தரும் சான்றை, யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று காட்டும் கேட்புப் பதிவேட்டில் பார்க்காமல் எழுதவே கூடாது. எழுதியது பொய் என்று எதிராளி பரிசீலனையில் எழுந்து நிற்பான்.

மனு வாங்கும் மேசையில் உங்களை உட்காரவைத்தால் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. வேட்பாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். பெயர் நம் பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் இருந்தால் போதும், ஆனால் முன்மொழிபவர் அதே வார்டுக்காரராக இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். நெருங்கிய நண்பன் என்று பக்கத்து வார்டு ஆளைக் கூட்டிவருவார்கள். போன தடவை பேரூராட்சி உறுப்பினருக்கு டெபாசிட் ₹1,000, பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் ₹500. செலவு வரம்பு ₹17,000. அந்த வரம்பைக் கேட்டதும் ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பெண்களுக்குப் பாதி இடம் என்பதால் மனைவி பெயரில் கணவர்மார் நிறைய வருவார்கள். ஒருவர் உறுதிமொழிப் பத்திரத்தை முழுக்கப் பூர்த்தி செய்துகொண்டு வந்து, "அவங்க கையெழுத்துதானே, நானே போட்டுடட்டுமா?" என்று கேட்டார். அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டோம். பத்திரத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவர், சொத்துப் பத்தியில் தன் நகையைக் குறைத்து எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "மீதி எங்க?" என்று கணவரைக் கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த அம்மா ஜெயித்தார். மன்றக் கூட்டத்திலும் அதே மாதிரிதான் படித்தார். அலுவலகக் குறிப்பை அவ்வளவு கவனமாகப் படித்த உறுப்பினரை நான் வேறு பார்த்ததில்லை.

வாக்குப்பதிவு நாள் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதைவிடப் பதவியேற்புக்குப் பிறகு நடக்கும் மறைமுகத் தேர்தல்தான் படபடப்பு. 2011-இல் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், மார்ச் 4 அன்று. ஒரு சின்ன அறை, உள்ளே ரகசிய வாக்கு, வெளியே ஊரே நிற்கும். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தவர் யார் வந்து என்ன கேட்டாலும், "அலுவலர் உள்ள இருக்கார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

வெள்ளாற்றங்கரை:

கெடிலக்கரை ஐயா பேரூராட்சிக் கதையைச் சொல்லிவிட்டார். நான் ஊராட்சிச் செயலர், புவனகிரிப் பக்கம். எங்கள் பாடு வேறு. ஊராட்சித் தேர்தலில் ஒவ்வொருவருக்கும் 4 ஓட்டு. 2019 டிசம்பரில் வாக்குச்சீட்டு முறைதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் கட்சி பார்ப்பதில்லை, "ரோஸ் சீட்டு எங்க?" என்றுதான் கேட்பார்கள். தலைவர் ஓட்டைப் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டவர்களும் உண்டு.

எல்லாச் சீட்டும் ஒரே பெட்டியில் விழுவதால், எண்ணும்போது முதலில் நிறம் பிரிக்க வேண்டும். அப்புறம் 50, 50-ஆகக் கட்டு. 2020 ஜனவரி 2-ஆம் தேதி காலை ஆரம்பித்த எண்ணிக்கை பல ஒன்றியங்களில் மறுநாளும் ஓடியது. இப்போது எங்கள் மன்றக் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர் வந்தாயிற்று. ஐயா சொன்ன அந்த ஜன்னல் கதை இப்போது எங்கள் கதை.

பாகூர் ஏரி:

நீங்கள் எல்லாரும் கவுன்சிலர் தொந்தரவு பற்றிப் பேசுகிறீர்கள், எங்களுக்கு வயிறு எரிகிறது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-இல் நடந்தது. அதற்கு முன்னால் 1968. நடுவில் 38 வருஷம். 2006-இல் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது, அதோடு சரி. 2021 அக்டோபரில் நடக்கும் என்று அட்டவணையே வெளியிட்டார்கள், இடஒதுக்கீட்டு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய் அதுவும் நின்றது. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாவற்றுக்கும் ஆணையர்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் 1880-லேயே மேர், அதாவது மேயர், வைத்து முனிசிபல் சபை நடத்திய ஊர் இது. கடற்கரையில் 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி என்கிற மேயர் அலுவலகக் கட்டடத்தைக்கூட 2021-இல் அழகாகத் திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே உட்கார மேர்தான் இல்லை.

எங்கள் ஊரில் சாக்கடைக்கும் எம்.எல்.ஏ., தெருவிளக்குக்கும் எம்.எல்.ஏ.தான். தொகுதி சின்னது என்பதால் ஓடுகிறது. அக்காவைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கே மாநகராட்சிக் கவுன்சிலருக்கு அக்கா போன் போட்டுச் சண்டை பிடிப்பதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும்.

முந்திரிக்காடு:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, ஜன்னல் அட்டையை இன்றைக்கே எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் பழைய கதவு எண், புது எண் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் சிலருக்குப் பழையது, சிலருக்குப் புதியது. ஒரே தெருவில் 14 என்று 3 வீடு வருகிறது. இதை எப்படிப் பிரிப்பது?

கெடிலக்கரை:

எண்ணை நம்பாதீர்கள், பெயரை நம்புங்கள். சொத்து வரிக் கேட்புப் பதிவேட்டில் பெரும்பாலும் பழைய எண், புது எண் இரண்டும் உரிமையாளர் பெயரோடு இருக்கும். பட்டியலில் தகப்பன் பெயர், கணவர் பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்த வீட்டுக்காரர்கள் முக்கால்வாசி தெரிந்துவிடுவார்கள். வாடகைக்காரர்கள்தான் தலைவலி. அதற்குப் பதிவேட்டில் வழி இல்லை, வரித்தண்டலரையும் அந்தத் தெருத் துப்புரவுப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது தினமும் குப்பை வாங்குகிறவருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2022-இல் வந்த மன்றத்தின் 5 ஆண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது, இப்போதே ஒரு தெரு, ஒரு தெருவாகப் பென்சிலில் குறித்துவாருங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மட்டும் வரித்தண்டலரைக் கூப்பிடாதீர்கள். அரையாண்டு வரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அந்த நாட்களில் கவுண்டரை விட்டு அவரால் நகர முடியாது.

பதிவேட்டை வெளியே எடுத்துப் போகாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். ஒரு தாள் தொலைந்தாலும் தணிக்கைக்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.