போர்டில் ஜெயித்தால் ரோபோ கிளப்பை விட வேண்டுமா?

ரோபோ அப்பா (நியூ ஜெர்சி):
மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் ரோபாட்டிக்ஸ் அணிக்கு நான்கு வருடமாக மென்டராக (வழிகாட்டியாக) இருக்கிறேன். வாரம் இரண்டு மாலை, ஜனவரி பிறந்துவிட்டால் சனிக்கிழமையும். சம்பளம் கிடையாது, பீட்சா செலவு என்னுடையது. இந்த நவம்பரில் ஸ்கூல் போர்டு (ஊர்ப் பள்ளிகளை மேற்பார்வையிடும் குழு) தேர்தலில் நிற்கலாம் என்று ஓர் எண்ணம். விஷயம் தெரிந்த நண்பரோ, "ஜெயித்தால் ரோபோ பக்கமே போகக் கூடாது" என்கிறார். இங்கே போர்டு உறுப்பினருக்கும் ஒரு காசு சம்பளம் இல்லை. ஓசி வேலைக்கும் ஓசி வேலைக்கும் அப்படி என்ன சண்டை?

மீனாட்சிபுரம் (நியூ ஜெர்சி):
நண்பர் சொன்னது சரி. மூன்று வருடம் போர்டில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நம் மாநிலத்தின் பள்ளி நெறிமுறைச் சட்டத்தில் 2001இல் சேர்த்த நடத்தை விதிகளில் ஒன்று இது: பள்ளிகளை நிர்வகிப்பது உறுப்பினரின் பொறுப்பு அல்ல, அவை ஒழுங்காக நிர்வகிக்கப்படுகின்றனவா என்று மற்ற உறுப்பினர்களோடு சேர்ந்து பார்ப்பதே பொறுப்பு. மீறினால் கண்டிப்பில் தொடங்கி பதவி நீக்கம் வரை போகலாம்.

காசைப் பற்றிய கேள்வியே இல்லை இது. யார் யாரிடம் "முடியாது" என்று சொல்ல முடியும்? உங்கள் அணியைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் புதியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012 சட்டத்துக்குப் பிறகு சேர்ந்தவருக்குப் பணி நிரந்தரமாக நான்கு வருடம் ஆகும். அதுவரை வருடா வருடம் அவர் வேலையைப் புதுப்பிப்பது போர்டின் ஓட்டுக்கு வரும். திங்கள் இரவு நீங்கள் அவருக்குக் கை தூக்குவீர்கள். செவ்வாய் மாலை அவர் உங்களிடம், "சார், அந்த மோட்டாரில் கை வைக்காதீங்க, பிள்ளைங்களே செய்யட்டும்" என்று சொல்ல வேண்டும். சொல்வாரா?

பனிமலை (மிச்சிகன்):
இப்படியே பேசிப் பேசித்தான் உதவி செய்ய வருகிறவரை விரட்டுகிறோம். எங்கள் மாநிலத்தில் ஒருவர் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு பொதுப் பதவிகளை வகிப்பதற்கு எதிராக 1978இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பள்ளிப் பயிற்சியாளர்களுக்காகப் பின்னால் அதில் ஒரு வழி திறந்தார்கள். போர்டு உறுப்பினர் சம்பளம் வாங்காமல் கோச்சாகவோ மாணவர் கிளப்பின் பொறுப்பாளராகவோ இருக்கலாம். அந்த விஷயம் ஓட்டுக்கு வரும்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தகுதியான வேறு ஆள் கிடைக்காமல் இருக்க வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வடக்குப் பக்கம் வந்து பாருங்கள். ஊரே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அங்கே கூடைப்பந்து சொல்லித்தரத் தெரிந்தவரும் போர்டில் உட்காரச் சம்மதிப்பவரும் ஒரே ஆள்தான். அவரை விட்டால் பிள்ளைகளுக்கு ஆட்டமே இல்லை.

மீனாட்சிபுரம்:
"வேறு ஆள் கிடைக்காமல் இருக்க வேண்டும்" என்பதை நீங்களே சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள், தம்பி. அதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். பனி மூடிய சிற்றூருக்கு அது நியாயம். எஞ்சினியர் தடுக்கி விழுந்தால் இன்னோர் எஞ்சினியர் மேல் விழும் எங்கள் ஊரில் அந்தச் சாக்கு செல்லாது.

கோவைக் குசும்பன்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இங்கே கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் உள்ளே வர வேண்டும் என்று நாங்கள் தவம் கிடக்கிறோம். நீங்கள் வந்தவரை வெளியே தள்ளச் சட்டம் வைத்திருக்கிறீர்களா?

மீனாட்சிபுரம்:
உங்கள் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை உங்கள் குழு நியமிக்கிறதா? சம்பளத்தை நிர்ணயிக்கிறதா? இங்கே சூப்பரின்டெண்டன்டை (ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி) வேலைக்கு எடுப்பதும், வருடா வருடம் அவருக்கு மதிப்பீடு எழுதுவதும் போர்டுதான். மற்ற எல்லோரும் அவருக்குக் கீழே. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

ஐந்தருவி (நியூயார்க்):
எங்கள் பக்கத்துக் கோட்பாடு இன்னும் சுருக்கம். கூட்டம் கூடி ஓட்டுப் போடும்போதுதான் போர்டுக்கு அதிகாரம். தனி உறுப்பினருக்கு ஊரில் உள்ள எந்த வாக்காளரையும் விடக் கூடுதல் அதிகாரம் கிடையாது. அதனால் அவர் வாலண்டியராக வந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் பள்ளி வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இந்தக் கோட்பாடு தெரியுமா? அவர் எழுந்து நிற்கத்தான் செய்வார்.

ரோபோ அப்பா:
அப்படியானால் மகள் வகுப்பில் ஒரு நாள் போய்க் கதை வாசிப்பதும் தப்பா? பள்ளிச் சுற்றுலாவில் துணைக்குப் போவது? கேக் விற்பனை மேசையில் நிற்பது?

மீனாட்சிபுரம்:
அதெல்லாம் பரவாயில்லை. எங்கள் நெறிமுறை ஆணையம் ஆலோசனை கேட்டவர்களுக்குச் சொல்லிவந்ததன் போக்கு இதுதான்: அப்பாவாக ஒரு நாள் வந்து போனால் பிரச்சினை இல்லை, கோச் மாதிரி சீசன் முழுக்க நிற்கும் பொறுப்புதான் சிக்கல். சந்தேகம் இருந்தால் பதவியேற்ற பிறகு நீங்களே ஆணையத்திடம் எழுதிக் கேட்கலாம்.

இன்னொன்று. போட்டியில் ரோபோவை ஓட்டும் பிள்ளைகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? உங்கள் மகளும் அந்த வரிசையில் நிற்கிறாளா?

ரோபோ அப்பா:
நிற்கிறாள். போன வருடம் அவள்தான் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள்!

மீனாட்சிபுரம்:
இந்த வருடமும் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் வாய்ப்புக் கிடைக்காத பையனின் அம்மா அப்படிச் சொல்ல மாட்டார்.

பனிமலை:
அந்த அம்மா நாளைக்கு எதையும் சொல்வார். அதற்கு முடிவே இல்லை, அக்கா. நான் பார்த்த வரையில் நம் ஆட்கள் போர்டுக்கு வருவதே இந்த வழியாகத்தான். முதலில் ரோபோ கிளப், அப்புறம் பெற்றோர் சங்கம், அப்புறம் தேர்தல். பள்ளிக்குள் கால் வைக்காமல் பட்ஜெட் தாளை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிறவருக்குப் பள்ளியைப் பற்றி என்ன தெரியும்? ஜெயித்த மறுநாளே கதவைச் சாத்தினால், நல்லவர் நிற்கவே யோசிப்பார்.

மீனாட்சிபுரம்:
இதில் நியாயம் இருக்கிறது. நானும் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையை விட்டுவிட்டுத்தான் போர்டுக்குப் போனேன். மூன்று வருடமும் அது உறுத்தியது.

ரோபோ அப்பா:
நேற்று ஆசிரியரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். "நீங்க போர்டுக்கு வந்தாலும் எனக்கு ஒரு சங்கடமும் இல்ல சார்" என்றார்.

மீனாட்சிபுரம்:
நாளைக்குத் தன் வேலைக்கு ஓட்டுப் போடப் போகிறவரிடம் வேறென்ன சொல்வார்?

ரோபோ அப்பா:
...சரி. பக்கத்து ஊர் அணிக்கு மென்டர் தேவையாம். அது எங்கள் போர்டின் கீழ் வராது. அங்கே போகலாம்தானே?

மீனாட்சிபுரம்:
தாராளமாக.

பனிமலை:
மார்ச் மாதப் போட்டியில் மகளின் ரோபோவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பீர்கள். அதற்கு வீட்டில் அனுமதி வாங்கிவிட்டீர்களா?