புதுப்பிப்பு: லாரி ஸ்டியரிங் சத்தம் நின்றுவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: 10 அடி லாரி, ஸ்டியரிங்கைத் திருப்பினால் காலடியில் கீச் கீச் என்கிறது, பட்டறையில் ஸ்டியரிங் தண்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்று. அதற்கெல்லாம் வேலையே இல்லை. பத்து வெள்ளிக்குள் முடிந்துவிட்டது.

இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டு விடும் அளவுக்குச் சாவியைத் திருப்பி, மச்சான் ஸ்டியரிங்கை லேசாக அசைத்தான். நான் பெடல்களுக்கு நடுவே தலையை விட்டுக் கேட்டேன். தண்டு தரைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அதன் உதடு, அதாவது தண்டைச் சுற்றிய விளிம்பு, காய்ந்து, மண் படிந்து, தண்டோடு உரசிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது!

ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, உதட்டைச் சுற்றி சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் வேண்டாம், அதிலுள்ள மினரல் எண்ணெய் சில ரப்பரை ஊதவைக்கும். பிரேக் பெடலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.

இப்போது பலமாடி கார் நிறுத்துமிடத்தில் வளைந்து வளைந்து ஏறினாலும் சத்தமில்லை. மச்சானின் பாட்டு மட்டும்தான்.

‘உர்ர்’ என்று வருகிறதே என்று கேட்டவருக்கு: உங்களுடையது வேறு கதை. பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைந்திருக்கலாம், அளவையும் கசிவையும் பாருங்கள். ‘டக்’ என்று தட்டினாலோ ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தாலோ வீட்டில் கை வைக்காதீர்கள், நேராகப் பட்டறைக்குப் போங்கள்.