எஸ்3 + கிளவுட்ஃப்ரன்ட்டில் ஸ்டாட்டிக் தளம்: 403-உம் பழைய பக்கமும்

பதிவு 1

அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3இல் பக்கெட் (கோப்புகளை வைக்கும் பெட்டி) உருவாக்கித் தளம் வைக்கும்போது "ஸ்டாட்டிக் வெப்சைட் ஹோஸ்டிங்" ஆப்ஷனைப் பார்த்ததும் ஆன் செய்யத் தோன்றும். முன்னால் கிளவுட்ஃப்ரன்ட் (தளத்தின் பிரதியை வாசகருக்கு அருகே வைத்துக் கொடுக்கும் அமேசான் சேவை) வைக்கப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடவே வேண்டாம். அது தரும் வெப்சைட் எண்ட்பாயிண்டில் (தள முகவரியில்) எச்டிடிபிஎஸ் கிடையாது, ஓஏசியும் (பக்கெட்டைக் கிளவுட்ஃப்ரன்ட் மட்டும் படிக்க வைக்கும் அமைப்பு) வேலை செய்யாது. பக்கெட்டின் சாதாரண முகவரியை ஆரிஜினாக (கிளவுட்ஃப்ரன்ட் கோப்பை எடுக்கும் இடமாக) கொடுத்து ஓஏசி போடுங்கள். பக்கெட் பாலிசியில் உங்கள் டிஸ்ட்ரிபியூஷனுக்கு (கிளவுட்ஃப்ரன்ட்டில் உங்கள் தளத்துக்கான அமைப்பு) மட்டும் கெட்ஆப்ஜெக்ட் (கோப்பைப் படிக்கும்) அனுமதி போதும். "பிளாக் பப்ளிக் ஆக்சஸ்" நான்கும் ஆனிலேயே இருக்கட்டும்.

பக்கெட் எந்த ரீஜனில் இருந்தாலும் எச்டிடிபிஎஸ் சான்றிதழை வடக்கு வர்ஜீனியாவில்தான் எடுக்க வேண்டும். வேறு ரீஜனில் எடுத்தால் கிளவுட்ஃப்ரன்ட் பட்டியலில் அது வராது. டொமைன் உங்களுடையதுதான் என்ற சரிபார்ப்புக்கு டிஎன்எஸ்ஸில் போட்ட சிநேம் பதிவை வேலை முடிந்தது என்று அழித்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

பதிவு 2

மேலே சொன்ன வழியில் முகப்புப் பக்கம் திறக்கும், உள்பக்கங்கள் 403 (அனுமதி இல்லை) காட்டும். "டிஃபால்ட் ரூட் ஆப்ஜெக்ட்" முகப்புக்கு மட்டும்தான். உள் ஃபோல்டர்களில் இன்டெக்ஸ் கோப்பைத் தேடிக் கொடுப்பது வெப்சைட் எண்ட்பாயிண்டின் வேலை, அதைத்தான் நாம் விட்டுவிட்டோமே. வியூவர் ரிக்வெஸ்ட்டில் (வாசகரின் கோரிக்கை வந்ததும்) சின்னதாக ஒரு கிளவுட்ஃப்ரன்ட் ஃபங்ஷன் எழுதினால் தீர்ந்தது: முகவரி சாய்கோட்டில் முடிந்தால் இன்டெக்ஸ் கோப்பின் பெயரை ஒட்ட வேண்டும். சாய்கோடும் இல்லை, கடைசித் துண்டில் புள்ளியும் இல்லை என்றால் சாய்கோடு சேர்த்து 301 (அந்த முகவரிக்குத் திருப்பும் பதில்) அனுப்புங்கள். அங்கேயும் சத்தமில்லாமல் ஒட்டிவிட்டால் பக்கத்தில் உள்ள ரிலேடிவ் லிங்க்குகள் ஒரு படி மேலே போய்த் தேடும், படங்கள் உடையும்.

இன்னொன்று. லிஸ்ட்பக்கெட் (கோப்புப் பட்டியலைப் பார்க்கும்) அனுமதி இல்லாதபோது, இல்லாத கோப்புக்கும் எஸ்3 சொல்வது 403தான், 404 (கோப்பு இல்லை) அல்ல. அதனால் பாலிசியைக் கிளறுமுன் கோப்பு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எஸ்3க்கு வேறு வேறு. மேக்கிலும் விண்டோஸிலும் பொதுவாக அப்படியில்லை, அதனால் சொந்தக் கணினியில் சரியாக வரும் படம் இங்கே காணாமல் போகும்.

பதிவு 3

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இதே 403 வேறு வழியில் வரும். "கொ" என்பதில் உள்ள குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எஸ்3 பைட் பைட்டாக ஒப்பிடும். லிங்க்கில் ஒருவகையும் கோப்பில் இன்னொரு வகையும் இருந்தால் அவ்வளவுதான். ஏற்றுமுன் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சிக்கு (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள்.

பதிவு 4

ஏற்றும் வரிசைதான் பலர் கவனிக்காத இடம். முதலில் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) உள்ள சிஎஸ்எஸ், ஜேஎஸ், படங்கள். இவற்றுக்கு கேஷ்-கன்ட்ரோல் (பிரதியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லும் ஹெட்டர்) 31536000 நொடி, அதாவது ஓர் ஆண்டு, கூடவே இம்யூட்டபிள் (மாறாது). பிறகு எச்டிஎம்எல், அதற்கு நோ-கேஷ் (ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே பிரதியைக் காட்டு). பழைய கோப்புகளை அழிப்பது கடைசியில், அதுவும் ஓரிரு நாள் கழித்து. ஏற்கெனவே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் பழைய ஜேஎஸ்ஸைத்தான் கேட்பார்.

தளம் ஒவ்வொரு முறை பில்ட் ஆகும்போதும் எல்லாக் கோப்பின் நேரமும் மாறுவதால் சிங்க் (மாறிய கோப்புகளை மட்டும் ஏற்றும் கட்டளை) எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும். அதைத் தவிர்க்க "சைஸ்-ஒன்லி" (அளவை மட்டும் ஒப்பிடு) போடாதீர்கள். எச்டிஎம்எல்லில் பழைய ஹாஷ் போய்ப் புது ஹாஷ் வந்திருக்கும். இரண்டும் 8 எழுத்து என்றால் கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறாது. சிங்க் அதைத் தாண்டிப் போய்விடும். எஸ்3இல் பழைய எச்டிஎம்எல் அப்படியே நிற்கும், அது கேட்கும் ஜேஎஸ்ஸையோ நீங்கள் அழித்திருப்பீர்கள். வெள்ளைப் பக்கம்.

பதிவு 5

கேஷ்-கன்ட்ரோல் எதுவும் வைக்காவிட்டால் கிளவுட்ஃப்ரன்ட் தன் டிஃபால்ட்டான 86,400 நொடிக்கு, அதாவது ஒரு நாள், வைத்துக்கொள்ளும். இன்வாலிடேஷன் (கிளவுட்ஃப்ரன்ட் வைத்திருக்கும் பிரதியை நீக்கச் சொல்வது) மாதம் 1,000 பாத் (கோப்பு முகவரி) வரை இலவசம். சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு முழுத் தளத்தையும் நீக்கினால் கணக்கில் ஒரே பாத். ஆனால் அது பிரவுசரில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட பிரதியைத் தொடாது, அங்கே ஹெட்டர் சொன்னதுதான் சட்டம். ஹெட்டரை மட்டும் மாற்றிவிட்டு சிங்க் கொடுத்தாலும் பலனில்லை, கோப்பு மாறாததால் அது நகராது. காப்பி கட்டளையில் மெட்டாடேட்டாவை "ரீப்ளேஸ்" என்று கொடுங்கள். அப்போது கன்டென்ட்-டைப்பையும் (கோப்பு எந்த வகை என்று சொல்லும் ஹெட்டர்) சேர்த்துக் குறிப்பிடுங்கள். அது தவறிப்போனால் பக்கம் திறப்பதற்குப் பதில் டவுன்லோட் ஆகலாம்.