மறு: டிரனிசைட் – வதமா, கொலையா?

வணக்கம். 'டிரனிசைட்' (tyrannicide) என்ற ஆங்கிலச் சொல் கொடுங்கோலரைக் கொல்வதைக் குறிக்கும். நம் அகராதியில் அதற்கு 'கொடுங்கோலர் வதம்' என்று வைக்கலாமா என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> 'கொடுங்கோலர் வதம்' என்றால் நரகாசுரன் வந்து நிற்கிறான். நடுநிலை போய்விடும். 'அரசியல் படுகொலை' போதுமே?

நரகாசுரன் வந்து நிற்கட்டும் ஐயா, அவன் வரவேண்டிய இடம்தான் அது. மூல ஆங்கிலச் சொல்லே நடுநிலையானதல்ல. செத்தவன் கொடுங்கோலன், கொன்றது தகும் என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. வாலி வதையும் வதைதானே, அது நியாயமா என்று இன்றும் பட்டிமன்றம் நடக்கிறதே என்று கேட்கலாம். சரி, ரோமை ஆண்ட ஜூலியஸ் சீசரைப் புரூட்டஸ் முதலான செனட் (ரோமின் ஆட்சி மன்றம்) உறுப்பினர்கள் கொன்ற கதையும் அப்படித்தான் கிடக்கிறது.

கி.மு. 44 மார்ச் 15இல் கொலை. 17ஆம் தேதி டெல்லஸ் கோயிலில் கூடிய செனட்டில் இதே சொற்சண்டை நடந்திருக்கிறது. சீசரைக் கொடுங்கோலன் என்று அறிவித்தால் அவர் போட்ட ஆணைகள் எல்லாம் செல்லாது. அவர் கொடுத்த பதவிகளும் போய்விடும் என்று சீசரின் ஆளான ஆன்டனி வாதத்தை எடுத்துவிட்டதாகப் பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். பதவியில் இருந்தவர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். கடைசியில் கொன்றவர்களுக்கு மன்னிப்பு, சீசரின் ஆணைகளுக்கும் ஒப்புதல். பெயர் மட்டும் வைக்கவில்லை.

பெயர் வைத்தது புரூட்டஸ். அவர் அடித்த நாணயத்தில் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்துகள். சீசர் தரப்பு அதே நாளுக்குத் 'தந்தைக்கொலை நாள்' என்று பெயரிட்டது. அன்றைய ரோமப் பேச்சாளர் சிசரோ தன் கடிதங்களில் கொன்றவர்களைக் குறிக்க, 'கொடுங்கோலரைக் கொன்றவர்' என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைக் கடன் வாங்கினார்.

பின்னால் எழுதியவர்களும் ஒத்துப்போகவில்லை. சீசரின் வாரிசான பேரரசர் அகஸ்டஸுக்கு வேண்டியவரான வரலாற்றாசிரியர் டமாஸ்கஸ் நிக்கலாஸ், சதிகாரர்களின் சொந்தப் பகைகளை அடுக்குகிறார். ரோம வாழ்க்கை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸோ சீசரின் ஆணவத்தைப் பட்டியலிட்டு, கொன்றது தகும் என்று கருத இடமிருப்பதாகச் சொல்கிறார். 23 குத்துகளில் மார்பில் விழுந்த இரண்டாவது மட்டுமே உயிரைப் பறித்தது என மருத்துவர் அன்டிஸ்டியஸ் கண்டதையும் பதிந்தவர் அவர்தான். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர் மோம்சனுக்குச் சீசர் ஒரு மாமனிதர். 1939இல் எழுதிய வரலாற்றாசிரியர் ரொனால்ட் சைமுக்கோ, புரூட்டஸ் தரப்பு பேசிய 'சுதந்திரம்' பெருங்குடிகளின் சலுகைக்கு மறுபெயர். எனக்கு சைம் பக்கம்தான் சாய்வு. ஆனால் என் சாய்வு அகராதியில் ஏறக் கூடாது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். கொன்றவர் தரப்பின் வாதத்தைச் சொல்லும்போது 'கொடுங்கோலர் வதம்'. ஆசிரியர் தன் குரலில் எழுதும்போது 'அரசியல் கொலை'. 'படுகொலை'யைக் கொத்தாகச் சாகும் இடத்துக்கு வைத்துக்கொள்வோம், கி.மு. 133இல் ரோம அரசியல்வாதி டைபீரியஸ் கிராக்கஸோடு 300 பேர் வரை அடித்துக் கொல்லப்பட்டார்களே, அதற்கு அது பொருந்தும்.

அப்புறம், ஆங்கிலச் சொல் கொன்ற ஆளையும் குறிக்கிறது. அதற்கு 'வதையர்' வேண்டாம், வாயில் நுழையவில்லை. 'கொடுங்கோலரைக் கொன்றவர்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.