கணினி கண்முன்னாடி இருக்கும்போது போன் டெஸ்க்டாப் எதுக்கு?

பொருநை:
எங்க போனாலும் இதே பேச்சா இருக்கு: "சாம்சங் டெக்ஸை பிசியில ஓட்டுற வசதியை எடுத்தது சரிதான், அதை யாரு யூஸ் பண்ணா?" நான் பண்ணேன். என் வேலைக்கு அதைவிட ஒத்து வர்ற ஒண்ணு இன்னும் கண்ணுல படலை. போன் மாத்தப் போற நேரம், அதான் இந்தத் திரி.

தெரியாதவங்களுக்காக: போனை மானிட்டர்ல சொருகினா டாஸ்க்பார், விண்டோன்னு கம்ப்யூட்டர் மாதிரி விரியுறதுதான் டெக்ஸ். 2017ல எஸ்8 கூட வந்துச்சு. 2019ல நோட் 10 வந்தப்ப இன்னொரு வழி குடுத்தாங்க. பிசியில ஒரு ஆப் போட்டு சார்ஜர் கேபிளைச் சொருகினா போதும், மொத்த டெஸ்க்டாப்பும் விண்டோஸுக்குள்ள ஒரு விண்டோவா திறக்கும். 2021ல வைஃபையிலயும் வந்துச்சு. 2025ல சாம்சங் போனோட மென்பொருள் ஒன் யூஐ 7 வந்தப்ப இந்த பிசி வழியை எடுத்துட்டு, போன் ஆப்பைப் பிசியில காட்டுற மைக்ரோசாஃப்ட் போன் லிங்கை வெச்சுக்கச் சொல்லிட்டாங்க.

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுறேன். கடை சிஸ்டத்துல பில்லிங் ஓடிக்கிட்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது. பக்கத்துல ஒரு விண்டோவுல என் போன்: இடது பக்கம் வாட்ஸ்அப்ல வந்த கொள்முதல் பில் போட்டோ, வலது பக்கம் கூகுள் ஷீட்ஸ். பில் நம்பர், தேதி, ஜிஎஸ்டி நம்பர், தொகைன்னு பாத்துப் பாத்து ஏத்துவேன். முடிஞ்சதும் கேபிளைப் பிடுங்கிட்டுக் கிளம்பிடலாம். கடை சிஸ்டத்துல என் லாகின் கிடக்காது. ஒரு கடை அண்ணாச்சியோட கணக்கு இன்னொரு அண்ணாச்சி கண்ணுல படாது. நான் போட்டுப் பாத்தப்ப போன் லிங்க்ல எந்த ஆப்பைத் திறந்தாலும் போன் வடிவத்துலயே ஒல்லியா நின்னுச்சு. அதுல ஷீட்ஸ் பாக்குறது கண்ணுக்கு வேதனை.

கம்பிவடம்:
உங்கள் வேலைமுறை புரிகிறது. ஆனாலும் நிறுத்தியது சரி என்பதுதான் என் கருத்து. டெக்ஸ் மானிட்டருக்காகப் பிறந்தது. 2018ல் நோட் 9 வந்த பிறகு போனைச் செருகி வைக்கும் தனி டாக் கூடத் தேவையில்லை, டைப் சி-யிலிருந்து எச்டிஎம்ஐ போகும் ஒரு அடாப்டர் போதும். போனின் காட்சி நேராகத் திரைக்குப் போகும். பிசி விண்டோவில் அப்படியில்லை. போன் ஒவ்வொரு ஃப்ரேமையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்ப வேண்டும், பிசி அதை விரித்துக் காட்ட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு பிராசசர். போன் சுடும், மவுஸ் சற்றுத் தள்ளி வரும், எழுத்து மங்கும்.

இன்னொன்று. கணக்கு வேலைக்கு போனை நம்பவே கூடாது. கணக்கு எழுதும் டாலி விண்டோஸ் சாஃப்ட்வேர். போன் எக்செலில் மேக்ரோ ஓடாது. கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்துப் போட யூஎஸ்பி டோக்கனும் எம்சைனர் மென்பொருளும் வேண்டும், அதற்குக் கணினிதான் கதி. கடைசியில் கணினிக்கே வரப்போகிறீர்கள், நடுவில் இந்தச் சுற்று எதற்கு?

பொருநை:
கம்பிவடம் சார், நான் பாக்குறது எல்லாம் தனியாள் கடைங்க. ஓடிபி போட்டு உறுதிப்படுத்துற ஈவிசியிலயே ரிட்டர்ன் முடிஞ்சுடும், டிஎஸ்சி பக்கமே போக வேண்டாம். டாலி வேலை வீட்டுல. கடையில நான் செய்யுறது பில் சரிபார்க்குறதும் ஷீட்ல ஏத்துறதும்தான். அதுக்கு மவுஸ் லேசா தள்ளி வந்தா ஒண்ணும் குடி முழுகாது.

மணல்மேடு:
மானிட்டர்ல சொருகுங்கன்னு சுலபமா சொல்றீங்க. சொருகினா படம் வரணுமே? டைப் சி துளை இருக்குற எல்லா போன்லயும் வீடியோ வெளிய வராது. அதுக்கு டைப் சி வழியா படம் அனுப்புற டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு வேணும். பதினஞ்சாயிரம், இருபதாயிரம் ரூபா போன்ல பாதிக்கு மேல யூஎஸ்பி 2.0 தான், சார்ஜும் ஃபைலும் மட்டும் போகும். அடாப்டர் வாங்கிச் சொருகிப் பாத்து, ஸ்கிரீன் கருப்பாவே நிக்க, அடாப்டர் டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரோட சண்டை போட்டவங்களை நான் பாத்திருக்கேன். அடாப்டர் மேல தப்பே இல்ல. கூகுள் பிக்சல் 8லயே 2024 அப்டேட்டுக்கு அப்புறம்தான் படம் வெளிய வந்துச்சு.

ஆனா பிசிக்குப் போற வழி வேற. போன் தன் காட்சியை வீடியோவா சுருக்கி டேட்டாவா அனுப்புது, அதுக்கு யூஎஸ்பி 2.0 தாராளம். நீங்க குறைன்னு சொன்ன அதே சுருக்கல்தான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இருக்குற ஒரே வழி. ஸ்கிரீன்காப்பி (scrcpy)ன்னு போன் ஸ்கிரீனைப் பிசியில காட்டுற ஒரு இலவச ப்ரோக்ராம், ஜெனிமொபைல் கம்பெனி கிட்ஹப் சைட்ல வெச்சிருக்காங்க. 2018லேர்ந்து இருக்கு. 2024 கடைசியில வந்த 3.0லதான் பெரிய மாற்றம்: போன் ஸ்கிரீனை அப்படியே காட்டாம, போனுக்குள்ளயே புதுசா ஒரு திரையை நாம சொல்ற அளவுல உருவாக்கும். 1920க்கு 1080ன்னு குடுத்தா அகலமா திறக்கும். போன் ஸ்கிரீன் அது பாட்டுக்கு வேற வேலையில இருக்கலாம். ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு திரை, ஒண்ணுல வாட்ஸ்அப், ஒண்ணுல ஷீட்ஸ். பொருநை அக்கா கேக்குறது இதுதானே?

டெக்ஸ் அளவுக்கு டாஸ்க்பார் எல்லாம் எதிர்பார்க்காதீங்க, அது மாடலுக்கு மாடல் மாறும். ஆனா வேலை ஓடும்.

தாழ்ப்பாள்:
இங்கே ஒருவர்கூடப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன்காப்பி ஓட வேண்டுமானால் போன் செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய், கணினி போனைக் கட்டுப்படுத்த வழிவிடும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். அதை இயக்கிய போனை ஊர்க் கடைகளின் சிஸ்டத்தில் செருகுவதா? கேபிளைச் செருகியதும் போனில் ஒரு பெட்டி வரும்: இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று. கீழே "எப்போதும் அனுமதி" என்று ஒரு கட்டம். அவசரத்தில் அதை டிக் செய்துவிட்டால், அடுத்த முறை அந்த சிஸ்டம் கேட்காமலே உள்ளே வரும். படம் காட்டுவதோடு நிற்காது. போனிலுள்ள போட்டோ, டாக்குமெண்ட், டவுன்லோட் எல்லாவற்றையும் இழுக்கலாம், ஆப்பை ஏற்றலாம். அடுத்த அண்ணாச்சியின் கணக்கு கண்ணில் படாது என்று பொருநை எழுதியிருக்கிறார். டீபக்கிங் திறந்திருக்கும் போனில் அந்த உத்தரவாதம் கிடையாது.

சில வங்கி ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன் இயங்கினாலே திறக்க மறுக்கும். திறந்தாலும் கணினி விண்டோவில் கருப்பாகத்தான் தெரியும், ஆப் தானே அப்படிக் கட்டளையிட்டிருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருக்க வேண்டும்.

பொருநை:
தாழ்ப்பாள் சார் சொன்னதுதான் என் வழக்கே! சாம்சங்கோட பிசி ஆப்புக்கு டீபக்கிங் தேவைப்படல. கேபிளைச் சொருகி, போன்ல "ஸ்டார்ட்"னு ஒரு தட்டு, அவ்வளவுதான். பாதுகாப்பா இருந்த வழியை அடைச்சா, அதே வேலையை விட முடியாதவங்க ஆபத்தான வழிக்குத்தான் போவாங்க. யாரும் யூஸ் பண்ணலைன்னு சொல்றவங்க இதை யோசிக்கவே இல்ல.

கம்பிவடம்:
ஒரு கம்பெனி தரும் வசதியை நம்பிப் பிழைப்பை அமைத்தால் இதுதான் நடக்கும், சாம்சங் மட்டுமில்லை. 2011ல் மோட்டரோலா ஏட்ரிக்ஸ் போன், அதைச் செருகினால் லேப்டாப் போல் இயங்கும் லேப்டாக்கோடு வந்தது, போனது. 2013ல் உபுண்டு எட்ஜ் போன் மக்களிடம் நிதியாக 3.2 கோடி டாலர் கேட்டு, ஏறக்குறைய 1.28 கோடியோடு நின்றது. 2015ல் மைக்ரோசாஃப்ட் லூமியா 950ல் இதே போன்ற கன்டினியம் வசதியைக் கொடுத்தது, இப்போது அந்த போனே இல்லை. டெக்ஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் சோதனையை 2019ல் ஆண்ட்ராய்டு 10 வரும்போது சாம்சங்கே மூடியது. பதினைந்து வருடமாக எல்லோரும் இதைத் தொட்டுத் தொட்டு விடுகிறார்கள். மிஞ்சி நிற்பது மானிட்டர் வழி ஒன்றுதான். ஒன் யூஐ 8ல் டெக்ஸை ஆண்ட்ராய்டு 16ன் டெஸ்க்டாப் மேலேயே கட்டியிருக்கிறார்கள். இனி அது ஆண்ட்ராய்டோடு சேர்ந்து வளரும்.

கடையில் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதே? சிபியூவிலிருந்து எச்டிஎம்ஐ வயரைக் கழற்றி உங்கள் அடாப்டரில் செருகுங்கள். டீபக்கிங்கும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

பொருநை:
வயரைக் கழட்டினா பில்லிங் யாரு பாப்பா? சாயந்திரம் கூட்டம் நிக்கும்போது கடைக்காரர்கிட்ட "அரை மணி நேரம் ஸ்கிரீனைத் தாங்க"ன்னு கேக்க முடியுமா? நிறைய கடையில இன்னும் ரெண்டு திருகாணி போட்டு முறுக்குற விஜிஏ வயர்தான் சார்.

குறிஞ்சி:
நான் தமிழ் டைப்பிங் பற்றி மட்டும் சொல்கிறேன், நாள் முழுக்க அதுதான் என் வேலை. ஸ்கிரீன்காப்பியைப் போட்ட உடனே கீபோர்டில் தமிழ்99 விசை அமைப்பில் அடித்துப் பார்ப்பீர்கள். போனில் ஒன்றும் விழாது, பலர் அங்கேயே வெறுத்து விட்டுவிடுகிறார்கள். வழக்கமான முறையில் அது ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை மட்டும்தான் அடிப்பதுபோல் அனுப்பும். கணினியிலேயே தமிழில் அடித்து, காப்பி செய்து, போன் விண்டோவில் பேஸ்ட் செய்தால் அப்படியே விழும், ஒரு புள்ளிகூட மாறாது. கிளிப்போர்டு இரண்டு பக்கமும் போய் வரும். யூஹெச்ஐடி என்று இன்னொரு கீபோர்டு முறை உண்டு. அதில் உங்கள் கீபோர்டை நேராகச் செருகியதாகவே போன் நினைத்துக்கொள்ளும். அப்போது விண்டோஸில் வைத்த தமிழ் அமைப்பு செல்லாது, போனில் வெளிக் கீபோர்டுக்கு என்ன அமைப்பு வைத்திருக்கிறீர்களோ அதுதான் பேசும்.

எனக்கு இதில் மணல்மேடு பக்கம்தான். என் போனிலும் எச்டிஎம்ஐ வராது.

தாழ்ப்பாள்:
யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. சொந்தக் கணினி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வெளிக் கணினியில் செய்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தை மட்டும் டிக் செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷனில் "ரிவோக்" கொடுத்து எல்லா அனுமதியையும் ரத்து செய்து, டீபக்கிங்கை அணையுங்கள். ஆண்ட்ராய்டு 11லிருந்து ஏழு நாள் இணையாத கணினியின் அனுமதி தானாகக் காலாவதியாகும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள், வாரம் ஒருமுறை போகும் கடைக்கு அந்தக் கெடு உதவாது.

கம்பிவடம்:
சார்ஜை மறந்துவிட்டோம். பழைய சிபியூவின் யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர், இரண்டரை வாட். போன் வீடியோ சுருக்கிக்கொண்டு, டேட்டாவும் ஓடினால் ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம். ஹப் வைத்து மானிட்டரில் செருகினால் சார்ஜரும் கூடவே செருகலாம்.

மணல்மேடு:
அது நெசம். பின்பக்கம் நீலத் துளை இருந்தா அதுல சொருகுங்க, யூஎஸ்பி 3, கொஞ்சம் கூடத் தரும். ஃப்ரேம் ரேட்டை நொடிக்கு 30க்குக் குறைச்சா சூடும் குறையும், ஷீட்ஸ் பாக்க 30 போதும். பொருநை அக்கா, மோட்டரோலாவையும் ஒரு தடவை பாத்துடுங்க. டெக்ஸ் மாதிரியே 2021ல ரெடி ஃபார்னு வந்ததை இப்ப ஸ்மார்ட் கனெக்ட்டுன்னு சொல்றாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல்ல பிசி விண்டோ வருதான்னு கடையிலயே கேபிளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

பொருநை:
கேபிள் பையிலயே இருக்கு தம்பி. காட்ட மாட்டேன்னு சொல்ற கடையில வாங்க மாட்டேன்.