பழைய காமிக்ஸ் அட்டைல உங்க ஃபேவரிட் எது?

மாயாவி ரசிகன்:
எனக்கு எப்பவும் 1938 ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் தான், சூப்பர்மேன் பச்சைக் காரை அப்படியே தூக்கி பாறைல மோதுறார், எல்லாரும் அவரையே பாப்பாங்க ஆனா கீழ இடது மூலைல தலைல கை வச்சுட்டு ஒருத்தன் அலறி ஓடுறானே, அந்த மூஞ்சி தான் படத்துக்கே உயிர். உங்களுக்கு எது, ஏன்?

கருப்பு மை:
கேப்டன் அமெரிக்கா முதல் இதழ்ணே. ஹிட்லர் தாடைல நேரா ஒரு குத்து! அட்டைல மார்ச் 1941னு இருக்கும், ஆனா 1940 டிசம்பர்லயே கடைக்கு வந்துடுச்சு, அமெரிக்கா போர்ல இறங்க இன்னும் ஒரு வருஷம் இருந்துச்சு. இதை உருவாக்கின ஜோ சைமனுக்கும் ஜாக் கிர்பிக்கும் என்ன தைரியம் பாருங்க. கேடயமும் இதுல வட்டம் கிடையாது, ரெண்டாவது இதழ்ல தான் மாத்தினாங்க.

சிலந்தி வலை:
1962 அமேசிங் ஃபேன்டஸி 15வது இதழ் ப்ரோ, ஸ்பைடர்மேன் ஒருத்தனை இடுக்கிட்டு தொங்கிட்டுப் போவாரே. ஸ்டீவ் டிட்கோ வரைஞ்ச முதல் அட்டைய வேணாம்னுட்டு கிர்பிய வரைய வச்சாங்க, அந்த பென்சில் படத்து மேல மை போட்டது டிட்கோ. எனக்கு அந்த ஒதுக்கின அட்டை தான் ரொம்பப் பிடிக்கும், நாமளும் கூடவே உயரத்துல தொங்குற மாதிரி இருக்கும்.

மாயாவி ரசிகன்:
அட, அதைப் பாத்ததில்லையே, இருந்தா இங்க போடுங்க தம்பி.